ஃபெட்டர்கெய்ர்ன் ஊர் வளைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தில் டண்டிக்கும் அபர்டீனுக்கும் இடையே காரில் போகிறவர்கள் பெருஞ்சாலையை விட்டு மலைப் பக்கம் திரும்பினால், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கல் வளைவுகளைப் பார்க்கலாம். ஒன்று ஃபெட்டர்கெய்ர்ன் என்ற ஊரில், மற்றது எட்ஸெல் என்ற ஊரில். இரண்டாவதன் பெயர் ‘டல்ஹவுசி வளைவு’ என்று கேட்டவுடன், இந்தியாவை ஆண்ட அந்த டல்ஹவுசியா என்று நம் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான் வருகிறது. அதற்கும் பதில் கீழே இருக்கிறது. ஆனால் கதை தொடங்குவது முதல் வளைவில்.

ஃபெட்டர்கெய்ர்ன் வளைவு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும்?

பழைய கின்கார்டின்ஷயர் மாவட்டத்தில், இன்றைய கணக்குப்படி அபர்டீன்ஷயரில், கிராம்பியன் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர் ஃபெட்டர்கெய்ர்ன். ஊருக்குள் நுழையும் சாலையின் குறுக்கே மணற்கல்லால் கட்டிய வளைவு நிற்கிறது. இருபுறமும் ஒவ்வொரு கோபுரம், நடுவில் வளைவு, அடியில் சாலை. இன்றும் கார், டிராக்டர், பால் லாரி எல்லாம் அதற்குள் நுழைந்துதான் போகின்றன. இதை வடிவமைத்தவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஜான் மில்ன். கட்டியது 1864–65ல்.

ஊரின் அளவுக்கு வளைவு பெரிது. முதல் தடவை பார்க்கிறவர்கள், உள்ளே ஏதோ கோட்டை கொத்தளம் இருக்கப்போகிறது என்று எதிர்பார்ப்பார்கள். உள்ளே இருப்பதோ ஒரு சதுக்கம், ஒரு கல் தூண், ஒரு விடுதி, சில தெருக்கள், அவ்வளவுதான்.

எதற்காகக் கட்டினார்கள்?

விக்டோரியா மகாராணியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் 1861 செப்டம்பர் 20 அன்று ஓர் இரவு அந்த ஊரில் தங்கினார்கள். அதன் நினைவுக்குத்தான்.

அரச விஜயம் என்றால் மேளதாளம், வரவேற்பு உரை, பூங்கொத்து என்று நினைக்க வேண்டாம். வந்தவர் ராணி என்பது விடுதிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் வண்டிக்காரருக்கும் தவிர அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கே தெரியாமல் வந்துபோன விருந்தாளிக்கு ஊரே சேர்ந்து எழுப்பிய வளைவு இது. என்னைக் கேட்டால் இதைவிட வேடிக்கையான நினைவுச் சின்னம் அந்த வட்டாரத்தில் வேறு இல்லை.

அன்றைக்கு ராத்திரி என்னதான் நடந்தது?

நமக்கு நல்ல காலம், ராணி நாட்குறிப்பு எழுதுகிறவர். ஸ்காட்லாந்து மலைநாட்டு நாட்களைப் பற்றிய அவருடைய குறிப்புகள் 1868ல் புத்தகமாகவே வெளிவந்தன. அதில் இந்த ஒரு ராத்திரி விவரமாக இருக்கிறது.

பால்மோரல் மாளிகையிலிருந்து காலையில் கிளம்பி, மட்டக்குதிரைகள் மேல் ஏறி மலைத்தொடரைக் கடந்து, மறுபக்கம் வண்டியில் இறங்கி வந்தது அந்தக் குழு. ராணி, ஆல்பர்ட், மகள் ஆலிஸ், ஆலிஸுக்கு நிச்சயம் செய்திருந்த ஹெஸ்ஸே நாட்டு இளவரசர் லூயி, தோழி சர்ச்சில் சீமாட்டி, ஜெனரல் கிரே. கூடவே கிராண்ட், பிரௌன் என்று இரண்டு பணியாட்கள். இந்தப் பிரௌன்தான் பிற்காலத்தில் ராணிக்கு ரொம்ப நெருக்கமான பணியாள் என்று ஊர் உலகமெல்லாம் பேசப்பட்ட ஜான் பிரௌன்.

மாலை ஏழேகால் மணிக்கு ‘ராம்சே ஆர்ம்ஸ்’ விடுதி வாசலில் இறங்கினார்கள். தெருவில் ஈ காக்காய் இல்லை. நேரே மாடிக்குப் போய்விட்டார்கள். படுக்கையறை ரொம்பவும் சிறியது, ஆனால் படு சுத்தம் என்று ராணி எழுதுகிறார். எல்லோருக்கும் அங்கே இடம் போதாமல் லூயியும் ஜெனரல் கிரேயும் வேறோர் ஓட்டலுக்குப் போனார்கள். அது மது விற்காத ‘டெம்பரன்ஸ் ஓட்டல்’. வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ள அந்த ஓட்டல்காரர்கள் துடித்தார்களாம்.

எட்டு மணிக்குச் சாப்பாடு. பரிமாறியது கிராண்டும் பிரௌனும். மலையில் மான் வேட்டைக்கும் குதிரை பிடிப்பதற்கும் பழகிய ஆட்கள். ராணியின் மேஜையில் தட்டு மாற்றச் சொன்னால் கை உதறத்தானே செய்யும்? கறியை வெட்டும் வேலையை ஜெனரலும் சர்ச்சில் சீமாட்டியும் எடுத்துக்கொண்டார்கள். தட்டு மாற்றுவது மட்டும் இவர்கள் வேலை. பிரௌன் சீக்கிரமே பழகிக்கொண்டார் என்று ராணி சான்றிதழ் தருகிறார்.

சாப்பிட்ட பிறகு நிலா வெளிச்சத்தில் எல்லோரும் காலாற நடக்கக் கிளம்பினார்கள். சதுக்கத்தில் படிகள் மேல் நின்ற கல் தூணில் ஏதோ தர்ம வசூல் அறிவிப்பு ஒட்டியிருந்தது. லூயி அதை நிலவொளியிலேயே வாசித்துக் காட்டினார். பிறகு ஒரு சந்து வழியாகப் போனார்கள். இலை அசையவில்லை, தூரத்தில் ஒரு நாய் குரைக்கும் சத்தம் மட்டும். திடீரென்று எங்கிருந்தோ முரசும் குழலும் கேட்டன. சரி, குட்டு வெளிப்பட்டுவிட்டது, ஊர் திரண்டு வருகிறது என்று ராணிக்குப் பயம். லூயியும் ஜெனரலும் திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. விடுதி வாசலுக்கு வந்து நின்றபோது ஆறு பேர் முரசடித்துக் குழலூதிக்கொண்டு தெருவில் அணிவகுத்து வந்தார்கள். கடைசி வரை போனார்கள், திரும்பி வந்தார்கள். ஊரில் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆல்பர்ட் விடுதியின் வேலைக்காரச் சிறுமியைக் கேட்டார். “அது பேண்டுதான்” என்றாள் அவள். வாரத்துக்கு இரண்டு நாள் இப்படி நடந்துபோவார்களாம். விஷயம் அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ராணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஆறு பேர் தங்கள் வழக்கமான பயிற்சியை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மறுநாள் விஷயம் தெரிந்தபோது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ராணி எதற்கு இப்படி ஒளிந்து மறைந்து வர வேண்டும்?

ஆசைதான் காரணம். 1860லும் 1861லும் இந்த மாதிரி சில நீண்ட பயணங்களை அவரும் ஆல்பர்ட்டும் செய்தார்கள். பெயரை மாற்றிச் சொல்லிவிட்டுச் சாதாரண விடுதிகளில் தங்குவது அதில் ஒரு விளையாட்டு. முதல் வருஷப் பயணத்தில் சர்ச்சில் பிரபுவும் குழுவினரும் என்று சொல்லிக்கொண்டார்கள். ஃபெட்டர்கெய்ர்னில், அபர்டீனிலிருந்து வந்த கல்யாண கோஷ்டி என்று பெயர். குழுவில் உண்மையாகவே கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி இருந்ததால் அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அந்த வருஷம் மார்ச்சில்தான் ராணியின் தாயார் இறந்திருந்தார். வீட்டில் துக்கம். மலைப்பயணம் அவருக்கு ஓர் ஆறுதல். அடுத்து வரப்போவது என்ன என்று அப்போது யாருக்குத் தெரியும்? டிசம்பர் 14 அன்று ஆல்பர்ட் விண்ட்சர் கோட்டையில் காலமானார், வயது 42. ஃபெட்டர்கெய்ர்ன் பயணம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

வளைவுக்கு இவ்வளவு கனம் வந்தது இதனால்தான் என்பது என் எண்ணம். ஆல்பர்ட் இன்னும் இருபது வருஷம் வாழ்ந்திருந்தால், ராணி ஒருமுறை தங்கிய விடுதி என்று வாசலில் ஒரு பலகையோடு விஷயம் முடிந்திருக்கும்.

ஊர்க்காரர்களுக்கு விஷயம் எப்போது தெரிந்தது?

மறுநாள் காலை, வண்டி கிளம்புகிற நேரத்தில். யார் என்று அப்போதுதான் கண்டுபிடித்துச் சிலர் மட்டும் ஆரவாரம் செய்தார்கள் என்று நாட்குறிப்பு சொல்கிறது. வண்டிகள் வடக்கே கெய்ர்ன் ஓ மவுண்ட் மலைக் கணவாய் வழியாகப் போய்விட்டன. விடுதிக்காரத் தம்பதி ராத்திரி முழுக்க வாயைத் திறக்காமல் இருந்ததை ராணி மெச்சி எழுதியிருக்கிறார். சின்ன ஊரில் அப்படி ஒரு ரகசியத்தை ஒரு ராத்திரி அடக்கி வைப்பது சாமானியமா?

நினைவுக்கு ஒரு கல்வெட்டு போதாதா? ஏன் வளைவு?

அந்தக் காலத்து வழக்கம் அப்படி. ராணி வருகிறார் என்றால் மரச்சட்டத்தில் இலை தழை கட்டிப் பாதையில் வளைவு வைப்பார்கள். நம் ஊரில் வாழை மரமும் மாவிலைத் தோரணமும் கட்டுகிற மாதிரி. ராணி போனதும் பிரித்துவிடுவார்கள். சில ஊர்கள் அதையே கல்லில் நிரந்தரமாக்கிக்கொண்டன.

பக்கத்து உதாரணம் டண்டி நகரம். 1844ல் விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் டண்டி துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அப்போது மரத்தில் ஒரு வளைவு வைத்தார்கள். பிறகு அதே நினைவுக்காக 1849 முதல் 1853 வரை கல்லில் பிரம்மாண்டமாக ஒன்று எழும்பியது. ‘ராயல் ஆர்ச்’ என்று பெயர். நகரத்தின் அடையாளமாகவே அது நின்றது. 1964ல் டே ஆற்றுப் பாலத்துக்குச் சாலை போட இடம் வேண்டும் என்று அதை இடித்துவிட்டார்கள். இடிபாடுகளைச் சாலைக்கு அடியில் கொட்டி நிரவினார்கள்.

நகரம் இழந்ததை ஊர் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஃபெட்டர்கெய்ர்ன் வழியாகப் பெருஞ்சாலை எதுவும் வராததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தப் பயணத்துக்கு வேறு நினைவுச் சின்னம் உண்டா?

உண்டு. அழகில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

ராணியின் குழு மவுண்ட் கீன் மலையைத் தாண்டி இறங்கிய பள்ளத்தாக்கின் பெயர் கிளென் மார்க். அந்தப் பக்கத்து நிலமெல்லாம் டல்ஹவுசி பிரபுவுக்குச் சொந்தம். அவரே நேரில் வந்து வரவேற்று, இன்வெர்மார்க்கில் இருந்த தன் வேட்டை மாளிகைக்கு அழைத்துப் போனார். வழியில் ஒரு ஊற்று. பளிங்கு மாதிரித் தண்ணீர். ராணியும் ஆல்பர்ட்டும் அதில் குடித்தார்கள். பிற்பாடு பிரபு அந்த ஊற்றின் மேல் கல்லால் ஒரு கிரீடம் எழுப்பினார். அரசர் தலையில் வைக்கிற கிரீடத்தைப் போலவே, கல் வளைவுகள் பல பக்கமிருந்தும் எழுந்து உச்சியில் கூடுகின்றன. பெயர் ‘ராணியின் ஊற்று’.

அதில் பொறித்திருப்பதன் சாரம் இது: ராணியும் கணவரும் 1861 செப்டம்பர் 20 அன்று இங்கே வந்து இந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்; அது மாட்சிமை தாங்கிய ராணியின் பெருந்துயர ஆண்டு. ஊற்றின் விளிம்பில் இரண்டு வரிச் செய்யுளும் உண்டு: வழிப்போக்கனே, இந்தத் தனிமைப் பசும்புல்லில் இளைப்பாறு, தண்ணீர் குடி, ஸ்காட்லாந்தின் ராணிக்காகப் பிரார்த்தனை செய். சுற்றிலும் ஊர் எதுவும் இல்லை. வெறும் மலை, ஓடை, ஆடுகள்.

டல்ஹவுசி என்றீர்களே, நாம் பள்ளியில் படித்த அந்த டல்ஹவுசியா?

இல்லை. ஆனால் சொந்தக்காரர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நாம் படித்தவர் 1848 முதல் 1856 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஜேம்ஸ் ராம்சே. பம்பாய்–தானே ரயில், தந்தி, அரையணாத் தபால்தலை எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. வாரிசு இழப்புக் கொள்கையும் அவர் கையில்தான் கூர்மையானது. ஆண் வாரிசு இல்லாமல் அரசர் இறந்தால் தத்துப்பிள்ளையை ஏற்க மாட்டோம், நாடு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு என்பது அதன் சாரம். சதாரா, ஜான்சி, நாக்பூர் அப்படிப் போயின. 1855ல் உடம்பு தேறுவதற்காகச் சில மாதங்கள் நீலகிரியில் தங்கி, அங்கிருந்தபடியே அவர் ஆட்சி செய்ததும் உண்டு.

அதே 1855ல்தான் தஞ்சாவூர் கதையும். மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி அக்டோபரில் இறந்தார். ஆண் பிள்ளை இல்லை, பெண்கள் இருந்தார்கள். கம்பெனி அரசப் பட்டத்தையே இல்லை என்று ஆக்கிவிட்டது. பிறகு அரண்மனைச் சொத்தையும் கைப்பற்றியது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் 1859ல் அதைத் தள்ளியது. ஓர் அரசு இன்னோர் அரசின் மேல் எடுத்த நடவடிக்கை இது, நீதிமன்றம் இதற்குள் வர முடியாது என்றது.

இப்போது ஸ்காட்லாந்துக்குத் திரும்புவோம். இந்த ஜேம்ஸ் ராம்சே 1860 டிசம்பரில் இறந்தார், வயது 48. அவருக்கு ஆண் பிள்ளை இல்லை, இரண்டு பெண்கள்தான். கவர்னர் ஜெனரலாக இருந்தபோது கிடைத்த ‘மார்க்விஸ்’ என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் ஆண் வாரிசு இல்லாததால் அவரோடு முடிந்துபோனது. குடும்பத்தின் பழைய ‘டல்ஹவுசி ஏர்ல்’ பட்டம் மட்டும் சித்தப்பா மகனுக்குப் போனது. தஞ்சாவூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைத்துக்கொள்வார்களோ, அது அவர்கள் பாடு.

அந்தச் சித்தப்பா மகன்தான் ஃபாக்ஸ் மால். கிரிமியப் போரின் பிற்பகுதியில் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராக இருந்தவர். அவர் அப்பா, ஆங்கஸ் மாவட்டத்தில் மால் குடும்பத்தின் பெருநிலத்தை அடைந்து மால் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டவர். டல்ஹவுசி கோட்டை எடின்பரோ பக்கம் இருக்க, வடக்கே மலைப் பள்ளத்தாக்கில் டல்ஹவுசி பெயர் வந்தது இப்படித்தான். கவர்னர் ஜெனரல் இறந்து ஒன்பது மாதம் கழித்து மலையில் ராணியை வரவேற்றவரும், ஊற்றின் மேல் கிரீடம் கட்டியவரும் இந்த ஃபாக்ஸ் மால்.

அப்படியானால் எட்ஸெல் ஊர் டல்ஹவுசி வளைவு யாருக்கு?

அது மூன்றாவது ஆள். ஃபாக்ஸ் மாலுக்கும் பிள்ளை இல்லை. 1874ல் அவர் இறந்ததும் பட்டம் இன்னொரு சித்தப்பா மகனான கடற்படை அதிகாரி ஜார்ஜுக்குப் போனது. 1880ல் அவரும் போக, மகன் ஜான் வில்லியம் ராம்சே 13வது ஏர்ல் ஆனார். கவர்னர் ஜெனரலுக்குச் சித்தப்பா பேரன் முறை.

ஜான் வில்லியம் பிறந்தது 1847ல். கடற்படையில் இருந்துவிட்டு, இருபத்தெட்டு வயது வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியில் போய் மாணவராக உட்கார்ந்தவர். 1880ல் லிவர்பூல் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் ஜெயித்தார். சில மாதத்தில் அப்பா இறந்து பிரபு ஆனதால் பிரபுக்கள் சபைக்கு மாற வேண்டியதாயிற்று. 1886ல் பிரதமர் கிளாட்ஸ்டனின் அமைச்சரவையில் சில மாதங்கள் ஸ்காட்லாந்துத் துறை அமைச்சர். மனைவி ஐடா, டேங்கர்வில் பிரபுவின் மகள். ஐந்து ஆண் பிள்ளைகள்.

1887ல் தம்பதி அமெரிக்கா போய்விட்டுத் திரும்பினார்கள். பிரான்ஸின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் ஐடா நோய்வாய்ப்பட்டு நவம்பர் 24 அன்று இறந்தார். மறுநாளே கணவரும் இறந்தார். அவருக்கு வயது 40தான். பட்டத்துக்கு வந்த மூத்த பையனுக்கு வயது ஒன்பது.

குத்தகை விவசாயிகளும் நண்பர்களும் சேர்ந்து 1889ல் எட்ஸெல் ஊரின் தெற்கு நுழைவாயிலில் இந்த வளைவை எழுப்பினார்கள். வளைவைத் தாண்டியதும் அகலமான நேர் தெரு. ஃபெட்டர்கெய்ர்ன் வளைவில் ஒரு விளையாட்டுத்தனம் இருக்கிறது. இது முழுக்க இழவு வீட்டு வளைவு. ஆனால் அடியில் போகிற வண்டிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஊர் வரவேற்பு வளைவு என்று நினைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

குத்தகைக்காரர்கள் மனமுவந்தா பணம் கொடுத்தார்கள்? பிரபுவின் ஆட்கள் வசூல் செய்ததா?

நியாயமான கேள்வி. நிலம் முழுக்க ஒருவர் கையில் இருக்கிற ஊரில், நிலக்காரருக்கு நினைவுச் சின்னம் என்று பட்டியலை நீட்டினால் யார் மறுப்பார்கள்? விக்டோரியா காலத்துச் சின்னங்கள் சிலவற்றில் ‘குத்தகையாளர்களின் நன்றி’ என்றுதான் எழுதியிருக்கும். அந்த நன்றியில் எத்தனை பங்கு பயம், எத்தனை பங்கு பாசம் என்பதைக் கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தக் குடும்பத்திலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. ஃபாக்ஸ் மாலின் அப்பா வில்லியம் மாலுக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே, 1839ல் குத்தகைக்காரர்கள் ஆங்கஸில் ஒரு குன்றின் மேல் உயரமான கோபுரம் கட்டினார்கள். மழை பொய்த்த 1826ல் அவர் குத்தகையை விட்டுக்கொடுத்ததற்கு நன்றி என்பது காரணம். ‘வாழு, வாழ விடு’ கோபுரம் என்று மக்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். விவசாயிகளுக்குக் கை தாராளமான இந்த மனிதர், சொந்த மனைவியிடமும் மகனிடமும் நடந்துகொண்ட விதம் கொடுமை. மகன் ஃபாக்ஸோடு பல வருஷம் பகை. குன்றின் மேல் ஒரு முகம், வீட்டுக்குள் ஒரு முகம்.

13வது ஏர்ல் விஷயத்தில் பாசத்துக்கு இடம் அதிகம் என்று நினைக்கிறேன். நாற்பது வயதில், மனைவியோடு ஒரு நாள் இடைவெளியில், ஐந்து சின்னப் பையன்களை விட்டுவிட்டுப் போன ஒருவருக்காகக் கட்டும்போது முகஸ்துதி செய்து யாருக்கு என்ன லாபம்? அடுத்த பிரபு பள்ளிக்கூடப் பையன்.

ஊர் நடுவில் இருக்கிற கல் தூண் என்ன?

லூயி அறிவிப்பு வாசித்தாரே, அதே தூண்தான். ஸ்காட்லாந்தில் சந்தை கூடும் உரிமை பெற்ற ஊர்களில் இப்படிச் சந்தைத் தூண் இருக்கும். ஆனால் இது ஃபெட்டர்கெய்ர்னின் சொந்தத் தூண் இல்லை. அருகில் ஒரு காலத்தில் மாவட்டத் தலைநகராக இருந்து பின்னர் அழிந்துபோன கின்கார்டின் ஊரிலிருந்து கொண்டுவந்தது. தண்டின் பக்கவாட்டில் பழைய துணி அளவான ‘எல்’ குறிக்கப்பட்டிருக்கிறது. 37 அங்குலம், ஏறக்குறைய 94 சென்டிமீட்டர். துணி வாங்கியவர் வியாபாரி மேல் சந்தேகப்பட்டால் இங்கே வந்து அளந்து பார்த்துக்கொள்ளலாம். வளைவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கிளாட்ஸ்டன் குடும்பத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. ஊருக்கு வடக்கே ஃபாஸ்க் என்ற மாளிகை. மறுநாள் காலை ராணியின் வண்டி அதைத் தாண்டித்தான் போனது. பிரதமர் கிளாட்ஸ்டனின் அண்ணன் தாமஸ் அப்போது அதன் சொந்தக்காரர். இந்தப் பக்கத்துக்கு அவர் நிறையச் செய்திருக்கிறார் என்று ராணி பாராட்டுகிறார்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது நாட்குறிப்பில் இல்லை. மாளிகையை 1829ல் வாங்கிய அப்பா ஜான் கிளாட்ஸ்டன், தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானாவின் டெமராரா பகுதிக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை முறை ஒழிந்தபோது அரசு அவருக்குக் கொடுத்த நஷ்டஈடு 1 லட்சம் பவுண்டுக்கு மேல். அடிமைகளுக்குப் பதில் யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்து, கல்கத்தாவிலிருந்து கூலி ஆட்களை ஒப்பந்தத்தில் வரவழைக்கும் ஏற்பாட்டை 1836ல் தொடங்கிவைத்தவரும் அவரே. 1838ல் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்களில் 400 பேர் அளவில் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்களும் அதே கயானாவுக்குக் கப்பலேறினார்கள். மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே இருக்கிறது. ராணி ஓர் இரவு தங்கியதற்கு இங்கே வளைவு இருக்கிறது. விட்பியில் போனவர்களின் பெயரைத் தேட வேண்டுமானால் கப்பல் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு வளைவுகளின் குடும்பங்களும் பின்னால் சம்பந்தி ஆனதாகச் சொல்வது உண்மையா?

உண்மை. எட்ஸெல் வளைவுத் தம்பதியின் ஐந்து பையன்களில் ஒருவர் அலெக்சாண்டர் ராம்சே. அவரும் கடற்படை அதிகாரி. 1919ல் அவர் கைப்பிடித்தது கன்னாட் இளவரசி பாட்ரீசியாவை. பாட்ரீசியா யார் என்றால், ஃபெட்டர்கெய்ர்னில் நிலா வெளிச்சத்தில் நடந்த அதே விக்டோரியா ராணியின் பேத்தி.

அதோடு, அன்றைக்குத் தூணில் அறிவிப்பு வாசித்த இளவரசர் லூயி, ஆலிஸ் ஜோடியின் மகள் வயிற்றுப் பேரன்தான் இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். வாரிசு இழப்புக் கொள்கைக்காரரின் குடும்பப் பெயரும் கடைசி வைஸ்ராயின் தாத்தாவும் ஒரே நாளில் ஒரே மலைப்பாதையில்!

போய்ப் பார்க்க வேண்டுமானால் எப்படி?

கார் இருந்தால் நல்லது. ரயிலில் போனால் லாரன்ஸ்கெர்க் நிலையத்தில் இறங்க வேண்டும். பல வருஷம் மூடிக் கிடந்து 2009ல் மறுபடி திறந்த நிலையம் அது. அங்கிருந்து ஃபெட்டர்கெய்ர்ன் சில கிலோமீட்டர். ஃபெட்டர்கெய்ர்னும் எட்ஸெலும் பி966 என்ற ஒரே சாலையில் இருக்கின்றன. அரை நாளில் இரண்டு வளைவையும் பார்த்துவிடலாம்.

ராணியின் ஊற்றுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். எட்ஸெல் பக்கமிருந்து கிளென் எஸ்க் பள்ளத்தாக்குச் சாலையில் கடைசி வரை போய், இன்வெர்மார்க்கில் வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டும். போக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை பெரும்பாலும் சமதரை, சின்னப் பிள்ளைகளும் நடந்துவிடுவார்கள். கடை கண்ணி எதுவும் கிடையாது. மழைக்கோட்டு, குடிதண்ணீர், சாப்பாடு மூன்றையும் மறக்காதீர்கள். ஃபெட்டர்கெய்ர்ன் வளைவைப் படமெடுக்கச் சாலை நடுவில் நிற்க வேண்டாம். எதிர்ப்பக்கம் வருகிற டிராக்டர் கடைசி நொடியில்தான் கண்ணுக்குத் தெரியும்.